பிள்ளைக்குப் பணம் பழக்க எது சரி: உண்டியலா, வாரக் காசா, பாஸ்புக்கா, கார்டா?

சென்னையில் ஆறு வயதுக் குழந்தையின் கண்ணில் இன்று நோட்டும் சில்லறையும் படுவதே குறைவு. காலையில் பால் ஆப்பில் ஆர்டர் போட்டு வருகிறது. அண்ணாச்சி கடையில் தோசை மாவு வாங்கினால் அப்பா போனை நீட்டுகிறார். கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் பணம் வந்துவிட்டதென்று சத்தமாகச் சொல்கிறது. ஆட்டோவுக்கும் அதே கதைதான். பொருள் கைக்கு வருகிறது, பதிலுக்கு எதுவும் கையை விட்டுப் போவதில்லை. 'போன் இருந்தால் போதும், எதையும் வாங்கலாம்' என்று அந்தக் குழந்தை நினைத்தால் அதன்மேல் பிழையில்லை. பார்த்ததை வைத்துத்தானே நினைக்க முடியும்.

இதை மாற்ற நினைக்கும் பெற்றோர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. உண்டியல், வாரா வாரம் கைக்காசு, வீட்டு வேலைக்குக் கூலி, தபால் அலுவலகக் கணக்கு, வங்கிக் கணக்கு, பிரீபெய்ட் கார்டு, யுபிஐ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் இரண்டே கேள்விகளால் அளந்து பார்க்கலாம். பணம் தீர்ந்துபோவதைக் குழந்தை தன் கண்ணால் பார்க்கிறதா? உருப்படாத ஒன்றை வாங்கிவிட்டால், அந்த நஷ்டம் குழந்தையின் கையிலேயே நிற்கிறதா, அல்லது அம்மா அப்பா வந்து சரிக்கட்டிவிடுகிறார்களா? இந்த இரண்டிலும் தேறாத வழி நல்ல சேமிப்பாக இருக்கலாம். ஆனால் அதில் குழந்தை கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

செல்வமகளும் பொன்மகனும் வேறு கணக்கு

"என் பெண் பேருக்கு மாசா மாசம் கட்டிட்டுத்தானே வர்றேன்" என்று பலர் சொல்வது செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைத்தான். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். 15 ஆண்டு கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிர்வு. 2024 ஜனவரியில் இதன் வட்டி 8.2 சதவீதமானது. தமிழ்நாட்டுத் தபால் அலுவலகங்களில் பொன்மகன் என்ற பெயரில் பையன்களுக்குப் போடுவது பிபிஎஃப் எனும் பொது வைப்பு நிதிக் கணக்கு. அது 15 ஆண்டு, 7.1 சதவீதம். வட்டி விகிதங்களை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யும், அதனால் சேரும் அன்று கவுன்டரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டும் நல்ல திட்டங்கள், வசதி உள்ளவர்கள் கட்டாயம் போட வேண்டியவை. ஆனால் அது பெற்றோரின் சேமிப்பு. ஏழு வயதுப் பெண்ணுக்கு 21 ஆண்டு என்பது மனதில் பிடிபடாத காலம். அந்தப் பணத்தை அவள் தொடுவதில்லை, அதை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. ஆகவே செல்வமகள் இருக்கிறது என்பதற்காகப் பணம் பழக்கும் வேலை முடிந்ததென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் தனித்தனியே நடத்த வேண்டும், மேலே சொன்ன வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டி எவ்வளவு என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

உண்டியல்: நாலு வயதிலிருந்து ஏழு வரை

மூன்று வகை கிடைக்கிறது. மயிலாப்பூர் மாட வீதிகளில் கொலு சமயத்திலும் கொசப்பேட்டைக் குயவர்களிடமும் கிடைக்கும் மண் உண்டியல். பாத்திரக் கடைகளில் பூட்டுச் சாவியோடு விற்கும் தகர உண்டியல். மூன்றாவதாக, வீட்டிலேயே கிடைக்கும் கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டில்.

சின்னக் குழந்தைக்கு இந்த மூன்றில் பாட்டில்தான் சிறந்தது. மண் உண்டியலில் போட்ட காசு கண்ணை விட்டு மறைந்துவிடும். எவ்வளவு சேர்ந்தது என்று எண்ண முடியாது, உடைத்தால்தான் தெரியும், உடைக்க மனசு வராது. பெரியவர்களுக்கு அது நல்ல கட்டுப்பாடு. நாலு வயதுக்கு அது காசு மாயமாகும் ஓட்டை, அவ்வளவுதான். கண்ணாடி வழியாக மட்டம் ஏறுவது தெரிந்தால் ஆர்வம் நிற்கும். பாட்டிலின் வெளிப்பக்கம் ஒரு பேப்பரை ஒட்டி, வாங்கப்போகும் பொருளின் படத்தையும் விலையையும் எழுதி வையுங்கள். ஐந்து வயதுக்கு இரண்டு மூன்று வாரத்தில் எட்டக்கூடிய விலை போதும்: ஒரு பந்து, கிரேயான் பெட்டி, பட்டம். சைக்கிளுக்குச் சேர்க்கச் சொன்னால் பத்தாம் நாள் பாட்டிலை மறந்துவிடுவார்கள்.

காசை அடையாளம் காட்டுவதை முதலில் முடித்துவிடுங்கள். இது லேசான வேலையில்லை. 2011இல் வந்த வரிசையில் இரண்டு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் விட்டம், ஐந்து ரூபாய் நாணயம் 23 மில்லிமீட்டர். இரண்டையும் நீட்டினால் குழந்தை பெரியதாக இருக்கும் இரண்டு ரூபாயைத்தான் எடுக்கும். 2019 வரிசையில் இது தலைகீழ்: ஐந்து ரூபாய் 25, இரண்டு ரூபாய் 23. இரண்டு வரிசையும் இன்று கடைகளில் கலந்தே புழங்குகின்றன. அதனால் அளவை வைத்துச் சொல்லித்தர முடியாது. எண்ணைப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு கைப்பிடி சில்லறையைத் தரையில் கொட்டி, எண் பார்த்துத் தனித்தனிக் குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு 'ஐந்து ஒரு ரூபாயும் ஒரு ஐந்து ரூபாயும் ஒன்றுதான்' என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "அஞ்சு காசு இருக்கே, அதுதான் ஜாஸ்தி" என்று குழந்தை அடம்பிடிக்கும். அன்றைக்கே புரிய வைத்தாக வேண்டும் என்றில்லை, நாலைந்து நாள் விளையாடினால் தானே பிடிபடும். இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம். விரலால் தடவி எண்ணச் சொன்னால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பத்து ரூபாய் நாணயத்தை யாராவது கடைக்காரர் வேண்டாமென்றால் குழந்தை குழம்பும். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் சொல்லியிருக்கிறது. அதைக் குழந்தை முன்னாலேயே கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லலாம்.

உண்டியல் கெட்டுப்போவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். பால்காரருக்கோ ஆட்டோவுக்கோ சில்லறை வேண்டுமென்று அதில் கைவைத்துவிட்டு, திருப்பிப் போட மறந்துவிடுவது முதல் தப்பு. குழந்தை அதைக் கவனிக்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் குழந்தையிடம் கேட்டு, எடுத்த தொகையைச் சீட்டில் எழுதி உள்ளே போட்டு, சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். அதுவே கடனைப் பற்றிய முதல் பாடமாகிவிடும். இரண்டாவது, பெரிய நோட்டை மடித்துத் திணித்து வருடக்கணக்கில் விட்டுவைப்பது. சென்னை ஈரக்காற்றில் நோட்டு பூசணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது உண்டியலில் மறந்துபோன நோட்டுகள் வெறும் காகிதமாயின. நாணயமும் பத்து இருபது ரூபாய் நோட்டும் மட்டும் உண்டியலில் இருக்கட்டும்.

உண்டியலின் குறை ஒன்று உண்டு. அது சேர்க்கப் பழக்கும், செலவழிக்கப் பழக்காது. சேர்த்தே பழகி, எட்டு வயதில் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்தால் கடை வாசலில் திகைத்து நிற்கும் பிள்ளைகள் உண்டு; ஒரே நிமிடத்தில் முழுவதையும் கரைத்துவிட்டு வருபவர்களும் உண்டு.

வாரக் காசு: எங்கள் முதல் சிபாரிசு

ஏழு வயதிலிருந்து, அதாவது இரண்டாம் வகுப்பு வாக்கில், இதைத் தொடங்கலாம். கூட்டலும் கழித்தலும் வந்திருக்க வேண்டும்; வாரத்தின் நாட்கள் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். மாதக் காசு இந்த வயதுக்கு ஒத்துவராது. முதல் வாரமே தீர்ந்துவிட்டால் மீதி மூன்று வாரம் வெறும் தண்டனையாகிவிடும். தினக் காசில் திட்டமிட ஒன்றுமில்லை, கொடுத்ததும் கடைக்கு ஓடுவதோடு முடிந்துவிடும். வாரம்தான் அளவான தூரம்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஊர் முழுக்கப் பொருந்தும் கணக்கு கிடையாது. இப்படி வரலாம்: ஒரு வாரம் முழுக்கக் குழந்தை கேட்டு நீங்கள் வாங்கிக் கொடுக்கும் சில்லறைச் சாமான்களை நோட்டில் எழுதுங்கள். கடலை மிட்டாய், ஸ்டிக்கர், ஐஸ், பென்சில் முனை என்று அது எப்படியும் நாற்பது ஐம்பதைத் தொடும். அதில் மூன்றில் இரண்டு பங்கை வாரக் காசாக வையுங்கள். அந்தச் சாமான்களை இனி நீங்கள் வாங்கித்தரக் கூடாது. உங்கள் பட்ஜெட்டில் கூடுதல் செலவில்லை. இதுவரை நீங்கள் செய்த தேர்வைக் குழந்தையிடம் ஒப்படைக்கிறீர்கள். இரண்டாம் வகுப்புக்கு 20 முதல் 30 ரூபாய், ஐந்தாம் வகுப்புக்கு 50 முதல் 70, ஏழாம் வகுப்பில் பேனா, நோட்டு உறை, நண்பன் பிறந்தநாள் பரிசு எல்லாம் சேர்த்து 150 என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு நியாயமான ஆரம்பம். வாரம் பத்து ரூபாய்தான் முடியும் என்றாலும் பாடம் குறையாது. தவறாமல் கொடுப்பதுதான் முக்கியம். ஒரு வாரம் மறந்து, அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கொடுத்தால் குழந்தைக்குத் திட்டமிட எதுவும் இருக்காது. சம்பளம் நாள்கூலியாக வரும் வீடுகளில் வாரக் காசு சிரமமாக இருக்கலாம். அங்கே, கீழே சொல்லும் கடைக்கு அனுப்புவதும் கடற்கரைக் காசும் பொருந்தும்.

கிழமை ஒன்றை நிலையாக வையுங்கள். ஞாயிறு மாலையைவிடச் சனிக்கிழமை காலை நல்லது; வாரக் கடைசியின் செலவு முழுவதும் கையில் காசு இருக்கும்போதே வரும். தொகையை உடைத்துக் கொடுங்கள். ஐம்பது ரூபாயை ஒற்றை நோட்டாகக் கொடுத்தால் அது ஒரே கடையில் உடையும், மீதி எங்கே போனதென்று தெரியாது. இரண்டு பத்து, நாலு ஐந்து, ஐந்து இரண்டு என்று கொடுத்தால் குழந்தை தானே பிரித்து வைக்கும். செலவு, சேமிப்பு, அடுத்தவருக்கு என்று மூன்று டப்பாக்கள் பலர் வைக்கிறார்கள். தொடக்கத்தில் இரண்டு போதும். மூன்றாவது டப்பாவைக் குழந்தையே கேட்கும் நாள் வரும், கோயில் உண்டியலோ தெருமுனைப் பாட்டியோ யாராவது அதற்குக் காரணமாவார்கள்.

இனி, தப்பாகும் இடங்கள். புதன்கிழமையே காசு தீர்ந்துவிடும். இது கட்டாயம் நடக்கும், முதல் மாதத்தில் திரும்பத் திரும்ப நடக்கும். அப்போது "சரி, இந்த ஒரு தடவை" என்று பத்து ரூபாய் கொடுத்தால் முழுத் திட்டமும் அங்கேயே முடிந்தது. திட்டவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். "சனிக்கிழமை வரும்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால் ஒரு வாரக் காசுக்கு மேல் கிடையாது என்று விதி வையுங்கள், நோட்டில் எழுதுங்கள், அடுத்த சனிக்கிழமை கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாத்தா பாட்டி. பேரன் முகம் வாடியதும் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஐம்பது ரூபாய் வந்துவிடும். அவர்களைத் தடுப்பதைவிடப் பங்காளியாக்குவது எளிது. "நீங்க கொடுக்கிறதை சேமிப்பு டப்பாவுல போடச் சொல்லிக் கொடுங்கப்பா" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காசை எண்ணச் சொல்லிப் பக்கத்தில் உட்கார அவர்களைவிடப் பொறுமையானவர்கள் வீட்டில் யாரும் இல்லை.

குறும்பு செய்தால் காசு வெட்டு, அடம் பிடித்தால் காசு வெட்டு என்று தண்டனைக் கருவியாக இதை மாற்றக் கூடாது. காசைக் கையாளப் பழகுவதற்குப் பதிலாக அம்மாவின் கோபத்தைக் கையாளப் பழகிவிடுவார்கள். பல பள்ளிகள் காசு கொண்டுவர அனுமதிப்பதில்லை. டப்பா வீட்டிலேயே இருக்கட்டும். அண்ணன் தங்கை இருந்தால் தொகை வயதுப்படி வேறுபடலாம், ஆனால் 'உனக்கு எட்டு வயசானதும் இதே தொகை' என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை பாதியாகும். அடுத்த பிளாக்கில் இருக்கும் பையனுக்கு வாரம் ஐந்நூறு கிடைக்கிறதென்று சொன்னால், "அவங்க வீட்டுக் கணக்கு அது, நம்ம வீட்டுக் கணக்கு இது" என்பதே போதுமான பதில். குடும்ப வருமானத்தை மறைக்கவோ பெரிதுபடுத்தவோ தேவையில்லை.

கடைக்கு அனுப்புவதும் கடற்கரைக் காசும்

வாரக் காசு தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் இது ஓடட்டும். முதல் படி, சரியான தொகை கொடுத்து ஒரே ஒரு பொருள். அடுத்த படி, 14 ரூபாய்ப் பொருளுக்கு 20 ரூபாய், கிளம்பும் முன்பே "மீதி எவ்வளவு வரணும்?" என்று கேட்டு ஆறு என்று சொல்ல வைத்து அனுப்புங்கள். இங்கே ஒரு பழைய வில்லங்கம் வரும். ஐந்து ரூபாய் நாணயமும் ஒரு சாக்லேட்டும் கையில் வைப்பார்கள். "அண்ணாச்சி, சாக்லேட் வேண்டாம், ஒரு ரூபா கொடுங்க" என்று கேட்கக் குழந்தைக்குச் சொல்லித்தாருங்கள். மரியாதையோடு தன் காசைக் கேட்டு வாங்குவது பெரியவர்களுக்கே கூச்சமான காரியம். ஆறு வயதில் பழகினால் அந்தக் கூச்சம் வராது.

எட்டு வயதுக்கு மேல் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எம்ஆர்பி என்பது வரி எல்லாம் சேர்ந்த அதிகபட்ச விலை; அதற்கு மேல் கேட்கக் கூடாது. பல பாக்கெட்களில் ஒரு கிராமுக்கு எத்தனை பைசா என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டையும் இருபது ரூபாய் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து அந்த வரியை மட்டும் ஒப்பிடச் சொன்னால், பெரிய பாக்கெட் எப்போதும் மலிவில்லை என்பதைத் தானே கண்டுபிடிப்பார்கள்.

கடற்கரைக் காசு இன்னும் எளிது. பெசன்ட் நகருக்கோ மெரினாவுக்கோ போகும்போது குழந்தைக்கு என்று ஒரு தொகையைப் பத்து ரூபாய் நோட்டுகளாகக் கையில் கொடுத்துவிடுங்கள். சுண்டல், மாங்காய், பலூன் சுடுவது, ராட்டினம், சோளம், பஜ்ஜி எல்லாம் அதற்குள். முதல் தடவை ராட்டினத்திலேயே பாதி போய்விடும், பிறகு பஜ்ஜி வாசனை வரும்போது அழுகையும் வரும். அன்றைக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுச் சாப்பாடு இருக்கிறது, குழந்தை பட்டினி கிடக்கப் போவதில்லை. அடுத்த தடவை மணலில் இறங்கியதும் முதலில் எல்லா வண்டிகளையும் ஒரு சுற்று சுற்றி விலை கேட்டுவிட்டுத்தான் நோட்டை நீட்டுவார்கள்.

வேலைக்குக் கூலி: அரைகுறையாக ஏற்கிறோம்

படுக்கை மடிப்பது, தட்டு எடுத்துவைப்பது, பை அடுக்குவது போன்றவற்றுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தால், தண்ணீர் எடுத்துவரச் சொன்னாலும் "எவ்வளவு தருவே?" என்ற கேள்வி வரும். வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்வதற்கு விலை போடக் கூடாது. மதிப்பெண்ணுக்குக் காசு இன்னும் மோசம். படிப்பு சரிந்த அந்த மாதத்தில்தான் குழந்தைக்குத் துணை தேவைப்படும், அப்போது காசும் சேர்ந்து போகும்.

வெளியிலிருந்து உண்மையாகவே பணம் வரும் வேலை வேறு விஷயம். பழைய பேப்பர் அதற்கு மிகப் பொருத்தம். மூன்று மாதப் பேப்பரைத் தமிழ், ஆங்கிலம், அட்டைப்பெட்டி என்று குழந்தை பிரித்துக் கட்டட்டும். ஆங்கிலப் பேப்பருக்குப் பொதுவாக விலை கூட. இரண்டு கடையில் கிலோ விலை கேட்கட்டும். தராசில் வைக்கும் முன் வீட்டு எடை மெஷினில் ஒருமுறை நிறுத்துக்கொண்டு போகட்டும். வந்த பணத்தில் பாதி அவர்களுக்கு. பொருள், எடை, விலை, பேரம், பங்கு எல்லாமே ஒரே சனிக்கிழமையில் வந்துவிடும்.

பத்து வயதில் பாஸ்புக்

பத்து வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டது. தொகை வரம்பை அந்தந்த வங்கியே முடிவு செய்யும். பத்துக்குக் கீழே என்றால் பெற்றோர் காப்பாளராக இருந்து தொடங்கலாம், அம்மாவும் காப்பாளராக இருக்கலாம். பிள்ளைகள் கணக்கில் ஓவர்டிராஃப்ட் கிடையாது. இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது.

தபால் அலுவலகமா வங்கியா என்றால், மாதம் நூறு இருநூறு போடப்போகும் பிள்ளைக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தபால் சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீத வட்டி. 500 ரூபாயில் தொடங்க வேண்டும், நிதியாண்டு முடிவில் 500க்குக் கீழே போனால் 50 ரூபாய் பிடிப்பார்கள். மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. ஆகவே பணத்தை 10ஆம் தேதிக்குள் போடச் சொல்லுங்கள். 12ஆம் தேதி போட்டால் அந்த மாதம் அந்தத் தொகைக்கு வட்டி இல்லை. வட்டி வருடத்துக்கு ஒருமுறை வரவாகும். பெரிய வங்கிகளில் வட்டி 2025இல் 2.5 சதவீத அளவுக்கு இறங்கியது, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவாகும். 3,000 ரூபாய் இருந்தால் வருடத்துக்குத் தபாலில் 120, வங்கியில் சுமார் 75. பணமாக இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் தபால் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேறு: பாஸ்புக், படிவம், கவுன்டர் எல்லாம் பிள்ளையின் கண் முன்னே நடக்கும். சனிக்கிழமையும் போகலாம், வங்கிக்கு இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. அண்ணா சாலை, மயிலாப்பூர், தி. நகர் தலைமை அஞ்சலகங்களில் மாதத் தொடக்கத்தில் கூட்டம் இருக்கும், நடுவாரக் காலை நல்லது. ஏடிஎம் பழக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஸ்டேட் வங்கியின் 'பெஹ்லி உடான்' போன்ற கணக்குகள் இருக்கின்றன; கார்டில் எடுக்கும் வரம்பை 5,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள்.

போகும் முன் இரண்டைச் சரிபாருங்கள். குழந்தைக்கு ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதார் என்றால், ஐந்து முடிந்ததும் கைரேகை, கருவிழி பதிந்து புதுப்பித்திருக்க வேண்டும். அதைச் செய்யாததால்தான் பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. இரண்டாவது கையெழுத்து. பத்து வயதுக் கையெழுத்து வாரத்துக்கு ஒரு மாதிரி மாறும். மாறினால் கவுன்டரில் பணம் எடுக்க முடியாது. தமிழோ ஆங்கிலமோ, முழுப் பெயரைச் சாதாரணமாக எழுதும் ஒரே வடிவத்தைப் பழக்கிவிடுங்கள்.

தபால் ஆர்டி, அதாவது மாதத் தவணைச் சேமிப்பு பற்றிக் கேட்பார்கள். மாதம் 100 ரூபாய் வீதம் 60 மாதம் கட்டினால், 6.7 சதவீதத்தில், 6,000 ரூபாய் சுமார் 7,136 ஆகும். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். பத்து வயதில் தொடங்கி பதினைந்தில் முடிவது அழகான திட்டம்தான், ஆனால் முதல் ஆர்டியாக வங்கியில் 12 மாதம் போடுவதையே சொல்வோம். ஒரு தடவை முடிந்து கைக்குப் பணம் வந்த பிள்ளைக்கு ஐந்து வருடம் காத்திருக்கும் நம்பிக்கை வரும்.

கார்டும் யுபிஐயும்

பன்னிரண்டு பதிமூன்றுக்கு முன் வேண்டாம். ஆரம்பத்தில் சொன்ன இரண்டு கேள்விகளிலும் இது தோற்கும் வயது அது: பணம் குறைவதைக் கை உணராது. வாரக் காசை ஒரு வருடமாவது ஒழுங்காக நடத்திய பிள்ளைக்கு, மெட்ரோவிலும் டியூஷனுக்கும் தனியே போகத் தொடங்கும் நேரத்தில் தரலாம்.

பிரீபெய்ட் கார்டில் நீங்கள் ஏற்றிய தொகைக்கு மேல் போகாது. குறைந்த ஆவணத்தோடு தரும் சிறு பிரீபெய்ட் கணக்குகளில் இருப்பு 10,000 ரூபாயைத் தாண்ட முடியாது என்பது ரிசர்வ் வங்கி விதி. சேரும் கட்டணம், கார்டுக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் நூறு ரூபாய் புழங்கும் பிள்ளைக்கு வருடக் கட்டணம் கொடுப்பது வீண். 2024இல் வந்த யுபிஐ சர்க்கிளில் உங்கள் கணக்கிலிருந்தே பிள்ளை பணம் செலுத்தலாம். இரண்டு வகை உண்டு. முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய் வரை நீங்கள் வைக்கும் வரம்புக்குள் கேட்காமலே செலவழிக்கலாம். பகுதி அனுமதியில் ஒவ்வொரு முறையும் நீங்கள் பின் நம்பர் போட்டால்தான் போகும். முழு அனுமதி பதிமூன்று வயதுக்கு அதிகம். பகுதி அனுமதியில் நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது பிள்ளை ஜூஸ் கடை வாசலில் நிற்கும், அதுதான் தொல்லை. கார்டில் வாரத் தொகையை மட்டும் ஏற்றுவது இரண்டையும்விட நல்லது, ஏனென்றால் அதில் தீர்ந்துபோவது என்ற ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காசு ஏற்றும்போது போன வார ஸ்டேட்மென்ட்டைப் பிள்ளையே படித்துச் சொல்லட்டும்.

கார்டு தராத வீட்டிலும் ஆபத்து உங்கள் போனில் இருக்கிறது. யுபிஐ லைட் போட்டிருந்தால் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலே போகும். போனைக் குழந்தையிடம் கொடுக்கும் வீட்டில் அதை நிறுத்துங்கள் அல்லது அதில் சொற்பத் தொகை மட்டும் வையுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். கேமில் வைரம், ஸ்கின் வாங்கி ஆயிரக்கணக்கில் போவது இந்த ஒரு செட்டிங் இல்லாததால்தான். பின் நம்பர் போடுவது பணம் அனுப்ப மட்டுமே, வாங்குவதற்கு ஒருபோதும் தேவையில்லை என்பதைப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். திட்டு விழும் என்று பயந்து மறைத்தால் பணத்தை மீட்கும் நேரம் போய்விடும், ஆகவே "என்கிட்ட முதல்ல சொல்லு, திட்ட மாட்டேன்" என்பதை முன்பே சொல்லி வையுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

பண்டிகைப் பணமும் ஜூன் மாதமும்

வாரக் காசு எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் பொங்கல், ரம்ஜான், தீபாவளி, காதுகுத்து வந்தால் மாமாவும் அத்தையும் வைக்கும் ஐந்நூறுகள் கணக்கைக் கலைத்துவிடும். "அம்மாகிட்ட கொடு, பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கி வீட்டுச் செலவில் கரைப்பது பல வீட்டு வழக்கம். குழந்தை அதை ஞாபகம் வைத்திருக்கும். வந்த அன்றே எண்ணி நோட்டில் எழுதி, பத்தில் ஒரு பங்கை இஷ்டப்படி செலவுக்கு விட்டு, மீதியைக் குழந்தையோடு போய்க் கணக்கில் போடுங்கள். வீட்டு நெருக்கடியில் அதை எடுக்கத்தான் வேண்டுமென்றால் கடன் என்று சொல்லி எடுங்கள். மொய் எழுதும் ஊரில் இந்த நோட்டு குழந்தைகளுக்கு உடனே புரியும்.

வாரக் காசின் தொகையை வருடத்துக்கு ஒருமுறை, ஜூனில் பள்ளி திறக்கும்போது மட்டும் மாற்றுங்கள். நடுவில் கேட்டால் ஜூனில் பேசலாம் என்று தள்ளி வையுங்கள். அந்தப் பேச்சுக்குப் பிள்ளை வெறுங்கையோடு வரக் கூடாது: இனி எதையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும், ஒவ்வொன்றும் கடையில் என்ன விலை என்று எழுதிக்கொண்டு வரட்டும். தாளும் பேனாவும் சேர்க்க 20 ரூபாய் கூட்டிக் கேட்டால், அந்த வருடம் முழுவதும் தாளும் பேனாவும் அதிலிருந்துதான். ஒத்துக்கொண்ட தொகையை நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தபால் அலுவலகப் படிவத்தில் போடப்போகும் கையெழுத்துக்கு அது பயிற்சியாகவும் இருக்கும்.